சுத்தமா வந்த கீல்

எங்க வீட்டுல ஒரு சட்டம் உண்டு. கீலை ஒட்டினவங்க அதை இழுத்துப் பார்க்கக் கூடாது, இன்னொருத்தர்தான் இழுக்கணும். சட்டம் போட்டது நான்தான். காரணம் இல்லாம போடல. எங்க வீட்டுக்காரர் தான் ஒட்டினதைத் தானே இழுத்துப் பார்க்கிற லட்சணத்தை நீங்க பார்த்திருக்கணும். தூங்குற குழந்தை மேலேருந்து போர்வையை எடுக்கிற மாதிரி இழுப்பார். நான் அப்படி இல்ல. றெக்கையை முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு, பிஞ்சு வந்தா வரட்டும்னு இழுப்பேன். வரலைன்னாத்தான் அது வீட்டை விட்டு வெளியே போகும்.

என்ன கீல், என்ன றெக்கைன்னு கேட்பீங்க. இவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அது வயித்துக்கு. உசுரு இருக்கிறது பின்பக்க ரூம்ல. அங்க உட்கார்ந்து மாடல் பிளேன் கட்டுவார். பொம்மைன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார். ஒவ்வொண்ணோட றெக்கையும் எங்க சாப்பாட்டு மேஜையை விட நீளம். பெட்ரோல் எஞ்சின். தரையில நின்னு ரிமோட்டைப் பிடிச்சுப் பறக்க விடணும். அதுக்குன்னு ஒரு கிளப், ஒரு மைதானம், லீவு நாள்ல வெயில்ல காயுறதுக்குன்னே ஒரு கூட்டம்.

அந்த றெக்கையோட பின் ஓரத்துல ஒரு நீளப் பலகை இருக்கும். அது மேலயும் கீழயும் அசைஞ்சாத்தான் பிளேன் இடது பக்கம், வலது பக்கம் சாயும். அந்தப் பலகையை றெக்கையோட பிடிச்சு வைக்கிறது சின்னச் சின்ன பிளாஸ்டிக் கீல்கள். கதவுக் கீல் மாதிரிதான், விரல் நகம் அளவு. ஒரு பாதி றெக்கைக் கட்டைக்குள்ள போகும், மறு பாதி பலகைக்குள்ள போகும். ரெண்டு பக்கமும் எபாக்ஸி பசை வச்சு ஒட்டணும். ஆனா நடுவுல மடங்குற இடத்துல பசை பட்டுடுச்சுன்னா கீல் இறுகிப் போகும், அசையாது. அதனால அந்த மடிப்புல மட்டும் ஊசி முனையில தொட்டுத் துளி வாசலின் வைக்கணும். துளிதான். கொஞ்சம் கூடிப்போய் அது வழிஞ்சு உள்ளே போச்சுன்னா, பசை பிடிக்காது. பார்த்தா ஒட்டின மாதிரியே இருக்கும், ஆனா ஒட்டியிருக்காது. மொத்த வித்தையும் அந்தத் துளியிலதான் இருக்கு. அதுல இவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. கிளப்புல பாதிப்பேர் றெக்கையைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க, கீல் மட்டும் போட்டுக் கொடுங்க சார்னு. என் வேலை, றெக்கை மேல கலர் பிளாஸ்டிக் தாளை இஸ்திரிப் பெட்டியால தேய்ச்சு ஒட்டறது. அப்புறம் இழுக்கிறது. எனக்குப் பிளேன் மேல ஆசையும் இல்ல, அசூயையும் இல்ல. சக்களத்தி வீட்டுக்குள்ள வந்தாச்சு, பழகிக்க வேண்டியதுதானே.

கட்டுறது இவர்னா, பறக்க விடுறது என் தம்பி. அவன் கிரேன் ஆபரேட்டர். கட்டடம் கட்டுற இடத்துல வானத்துக்கு நிக்குமே ஒரு மஞ்சள் கிரேன், அது உச்சியில ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும், அதுக்குள்ளதான் அவன் பொழப்பு. ரெண்டு கையிலயும் ரெண்டு லீவர். கீழ மனுஷங்க எறும்பா ஓடிக்கிட்டிருப்பாங்க, அவங்க தலைக்கு மேல இரும்புக் கம்பியைக் கட்டுக்கட்டா கொண்டு போய் இறக்குவான். எனக்குக் கல்யாணம் ஆனப்போ அவன் அரை டிராயர். எங்களுக்கு அம்மா கிடையாது, அதனால என் கூடவே வந்துட்டான். அன்னையிலேருந்து மாமா மாமான்னு இவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சவன். அவன் முதல் தடவை கிரேன் ஏறின அன்னைக்கு இவர் கடையைப் பூட்டிட்டுப் போய் நாள் பூரா கீழ நின்னு அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கிட்டு வந்தார். அப்படி ஒரு ஒட்டுதல். எனக்கே சில சமயம் பொறாமையா இருக்கும்.

அந்தப் பிளேன் விழுந்தப்போ நான் ஊர்லயே இல்ல. மகளுக்குப் பிரசவம், அவ வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வாரம்தான் கிளப்புல ஜனங்களைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுற நாள் வச்சிருந்தாங்க. புதுப் பிளேன் ஒண்ணை அதுக்காகவே இவர் கட்டிக்கிட்டிருந்தார், தம்பி ஓட்டறதா ஏற்பாடு. எனக்கு அங்கே போன்லதான் சேதி வந்துச்சு. ரெண்டு சுத்து அருமையா சுத்திச்சாம். மூணாவது சுத்துல தாழ்வா, ஜனங்க பக்கமா திரும்பி வரும்போது சட்டுனு வலது பக்கம் கவிழ்ந்து, நாற்காலி போட்டிருந்த இடத்துக்குள்ள பாய்ஞ்சிடுச்சாம். கிளப் செக்ரட்டரி ஒரு பல் டாக்டர். அவர் வீட்டம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு. இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தா தலை.

என்ன ஆச்சுன்னு எல்லாரும் கூடிப் பேசியிருக்காங்க. பிளேன் நம்மை விட்டு விலகிப் போகும்போது, ரிமோட்ல இருக்கிற குச்சியை இடது பக்கம் தள்ளினா அது நம்ம இடது பக்கம் போகும். நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் தலைகீழ், நம்ம இடது அதுக்கு வலது. புதுசா கத்துக்கிறவங்க எல்லாரும் இதுல ஒரு தடவையாவது குழம்பிப் பிளேனை உடைப்பாங்க. அந்தக் குழப்பம்தான் நடந்திருக்குன்னு முடிவு கட்டிட்டாங்க. பச்சைப் பிள்ளைங்க பண்ற தப்பு. அதை என் தம்பி, அந்த மைதானத்துலயே முதல் கை, இத்தனை பேர் முன்னாடி பண்ணிட்டான்னு.

அவனும் அதை நம்பிட்டான். அதுதான் விஷமா இறங்குச்சு. இடதுன்னு நினைச்சுத்தான் தள்ளினேன், என் கை எதைத் தள்ளுச்சோ தெரியலன்னு திரும்பத் திரும்ப அதையே சொன்னான். பல் டாக்டர் வீட்டம்மா காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையைக் காட்டினான், தலையைக் காட்டினான், ஒரு கோளாறும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. கோளாறு இல்லன்னு சொன்னதுல இன்னும் பயந்துட்டான். கோளாறு இருந்தா மருந்து சாப்பிடலாம், இதுக்கு என்ன சாப்பிடுறது?

நான் ஊர்லேருந்து வந்து பார்க்கும்போதே ஆள் பாதியா இருந்தான். நானும் எனக்குத் தெரிஞ்ச சமாதானமெல்லாம் சொன்னேன், ஏண்டா மனுஷன்னா ஒரு தடவை தவறாதா, விடுடான்னு. இப்ப நினைச்சா நாக்கைக் கடிச்சுக்கத் தோணுது. அவன் தவறினான்னு நானும்தானே அவன்கிட்டச் சொல்லியிருக்கேன்.

இது நடந்து சில வாரம் ஆன பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில தம்பி பொண்டாட்டி வந்தா. கையில ஒரு துணிப்பை. பைக்குள்ள அவன் ரிமோட், துடைச்சு, டப்பாவுல போட்டு. இதை யாருக்காவது கொடுத்துடச் சொன்னார் அண்ணி, அந்த உடைஞ்ச பிளேன்ல எஞ்சின் நல்லா இருந்தா அதையும் கொடுத்துடணுமாம், இனிமே அவர் கண்ணுல எதுவும் படக் கூடாதாம்னா. உட்கார வச்சு டீ போட்டுக் கொடுத்தேன். டீயைக் கையில வச்சுக்கிட்டே கொட்டித் தீர்த்துட்டா.

பிளேன் போனா போகட்டும் அண்ணி, விட்டது சனின்னு இருப்பேன், இப்ப கிரேனுக்கே வந்துடுச்சுன்னா. கூண்டுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு லீவரைத் தள்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு கையைப் பார்க்கிறானாம். கீழேருந்து தூங்குறியான்னு கத்துறாங்களாம். வீட்டுல சும்மா இருக்கும்போது ஒரு கையைத் தூக்கி, "இது இடது"ன்னு தனக்குத் தானே சொல்லிக்கிறானாம். திங்கக்கிழமை போய் இன்ஜினியர்கிட்ட, என்னைக் கீழே இறக்கிடுங்க, கொடி காட்டுற வேலையோ மூட்டை எண்ணுற வேலையோ கொடுங்கன்னு கேட்கப் போறானாம். ஒரு தடவை கையில நம்பிக்கை இல்லன்னு நீங்களே சொல்லிட்டா, அப்புறம் எந்தக் கம்பெனி உங்களை மறுபடி மேல ஏத்தும்னு இவ சண்டை போட்டிருக்கா. ஒருத்தன் செத்த பிறகு இறங்குறதுக்கு இப்பவே இறங்கிடறேன்னு சொன்னானாம்.

நீங்க பேசுங்க அண்ணி, நீங்க சொன்னா கேட்பார்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. பேசுறேன், நீ போம்மா, மத்தியானம் வர்றேன்னு அனுப்பி வச்சேன். என்ன பேசப் போறேன்னு எனக்கே தெரியல.

சரி, முதல்ல அவன் கேட்டதைச் செய்வோம்னு எஞ்சினைத் தேடினேன். உடைஞ்ச துண்டையெல்லாம் இவர் ஒரு சாக்குல போட்டு வாயைக் கட்டிப் பரண் மேல வச்சிருந்தார். அன்னைக்கு மைதானத்துல யாரையும் கிட்ட விடாம இவரே குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கினாராம். வந்த நாள்லேருந்து எனக்கும் அதைத் திறக்க மனசு வரல, இவரும் தொட விடல. அவ்வளவு பாசமா கட்டினதாச்சேன்னு நானும் விட்டுட்டேன். ஏணியைப் போட்டு இறக்கிக் கூடத்துல கொட்டினேன். தூசியும் பெட்ரோல் நாத்தமும் கிளம்புச்சு.

எஞ்சினை எடுத்து ஓரமா வச்சேன். அப்பத்தான் அந்தப் பலகை கண்ணுல பட்டுச்சு. வலது றெக்கைப் பலகை. மத்ததெல்லாம் நொறுங்கிக் கிடக்கு, அது மட்டும் முழுசா இருக்கு. அதோட ஓரத்துல கீல்கள் வரிசையா நீட்டிக்கிட்டிருக்கு. கீல் ஒண்ணும் உடையல.

நான் எத்தனையோ உடைஞ்ச றெக்கையைப் பார்த்தவ. நல்லா ஒட்டின கீலைப் பிய்ச்சு எடுத்தா அது கட்டையையும் சேர்த்துப் பிய்ச்சுக்கிட்டுத்தான் வரும். நார் நாரா மரம் ஒட்டிக்கிட்டு, பல்லைப் பிடுங்கினா சதையோட வருமே, அப்படி. இது அப்படி இல்ல. கடையிலேருந்து வாங்கி வந்த மாதிரி சுத்தமா இருந்துச்சு. ஒரு நார் இல்ல, ஒரு பொட்டுப் பசை இல்ல. விரலால தடவினேன். வழவழன்னு இருந்துச்சு. இன்னொண்ணைத் தடவினேன். அதுவும் வழவழ. இடது பக்கப் பலகையைத் தேடி எடுத்தேன். அது ரெண்டா உடைஞ்சிருந்துச்சு, ஆனா அதுல இருந்த கீல் ஒவ்வொண்ணுலயும் மரம் கொத்தாக ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

கீழ விழுந்ததுல இந்தப் பலகை பிய்யல. மேலயே கழண்டிருக்கு. அது கழண்ட பிறகு என் தம்பி குச்சியை இடது பக்கம் தள்ளினா என்ன, வலது பக்கம் தள்ளினா என்ன? அவன் சரியாத்தான் தள்ளியிருக்கான்.

மத்தியானம் இவர் சாப்பிட வந்தார். கூடத்துல சாக்கு பிரிஞ்சு கிடக்கிறதையும் நான் அந்தப் பலகையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதையும் பார்த்தார். என்ன இது, ஏன் இறக்கினேன்னு கேட்கணும் இல்லையா? கேட்கல. நேரா போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு.

"எப்பத் தெரியும்?"னு கேட்டேன்.

"பொறுக்கும்போதே பார்த்துட்டேன்"னார்.

எனக்குக் கோபம் வந்தா என்ன பேசுறேன்னு தெரியாதுன்னு என் மேல ஒரு பேர் உண்டு. அன்னைக்கு அந்தப் பலகையை எடுத்து அவர் முன்னாடி வச்சேன். அவரே சொன்னார். அந்த வாரம் நல்ல குளிராம். பசை இறுகவே மாட்டேங்குதாம், விழாவுக்கு நாள் இல்லையாம். சீக்கிரம் காயட்டும்னு மேஜை விளக்கை றெக்கைக்குக் கிட்ட இழுத்து வச்சிருக்கார். ஒரு பக்கம்தான் விளக்கு. அந்தச் சூட்டுல பசை இறுகுறதுக்கு முன்னாடி வாசலின் உருகி, உள்ள வழிஞ்சு, கீலைச் சுத்திப் பூசிக்கிச்சு. நீ இருந்திருந்தா இழுத்திருப்பே, நீ இல்ல, நானே இழுத்தேன், பிடிச்சுதேன்னார். உங்க இழுப்புக்கு எதுதான் பிடிக்காதுன்னு கேட்டேன்.

தப்பு யாருக்கும் வரும். அதுக்காக நான் கோபப்படல, சத்தியமா. அப்புறம் சொன்னாரே, அதுதான். அதே விளக்குல காய வச்ச வேற ரெண்டு றெக்கை கிளப் ஆளுங்ககிட்டப் போயிருந்துச்சாம். அது விழுந்து யாராவது சாகக் கூடாதேன்னு, மறுநாளே போய், இன்னும் கொஞ்சம் உறுதி பண்ணித் தர்றேன்னு ஏதோ பூசி மெழுகி வாங்கிட்டு வந்து, கீலையெல்லாம் பிடுங்கிப் புதுசாப் போட்டுக் கொடுத்திருக்கார்.

"ஊர்ல இருக்கிற றெக்கையெல்லாம் திருத்திட்டீங்க"ன்னேன். "என் தம்பியை மட்டும் அப்படியே விட்டுட்டீங்க."

சொல்லணும்னுதான் இருந்தேன்னார். அன்னைக்குச் சாயந்திரமே சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அவனே என் தப்பு மாமான்னுட்டான். மறுநாள் சொல்லலாம்னு விட்டேன், மறுநாள் இன்னும் கஷ்டமாப் போச்சு. எல்லாரும் என்னை நம்பி றெக்கையைத் தர்றாங்க, என்னத்தைச் சொல்லுவேன், எப்படிச் சொல்லுவேன்னார். கிளப்புல நாலு பேர் சார் சார்னு சொல்றது உங்களுக்குப் பெருசு, அவன் கை உங்களுக்குப் பெருசு இல்லையான்னு கேட்டேன். திங்கக்கிழமை அவன் கிரேனை விட்டு இறங்கப் போறான், அது தெரியுமா உங்களுக்குன்னு கேட்டேன். தெரியாது. அது அவருக்கு நிஜமாவே தெரியாது. முகம் வெளுத்துப் போச்சு.

கிளம்புங்க, இப்பவே போய்ச் சொல்லணும்னு செருப்பை மாட்டிக்கிட்டேன். அவரும் வாசல் வரைக்கும் வந்தார். படியில இறங்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துட்டார்.

"நீ போய்ச் சொல்லு. கீலு போச்சுன்னு சொல்லு, என் தப்புன்னு சொல்லு. அன்னைக்கே பார்த்தேன்கிறதை மட்டும் சொல்லாதே"ன்னார்.

நல்லா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்கலாம்னு திரும்பினேன். அந்த மனுஷன் கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, வெறும் கண்ணோட தெருவைப் பார்த்துக்கிட்டிருந்தார். கண்ணாடி இல்லாம அவருக்கு எதிர்வீடு கூடத் தெரியாது. பலகையைப் பையில போட்டுக்கிட்டு நடந்தேன். வழியெல்லாம் எனக்கு நானே சண்டை போட்டுக்கிட்டேன். தம்பிக்குத் தெரிய வேண்டியது அவன் கை தப்புப் பண்ணலங்கிறதுதானே, மத்தது தெரிஞ்சு என்ன ஆகப் போகுது, ரெண்டு பேரும் எனக்கு வேணுமேன்னு. கட்டினவனும் வேணும், கூடப் பிறந்தவனும் வேணும். நான் என்ன பண்ணட்டும்?

தம்பி வீட்டுல, அவனும் பொண்டாட்டியும் சமையல்கட்டு மேஜையில ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பையிலேருந்து பலகையை எடுத்து அவன் முன்னாடி வச்சேன். முதல்ல அவன் கையை மேஜைக்குக் கீழ இழுத்துக்கிட்டான். பாருடா, கீலைப் பாருன்னேன். அப்புறம்தான் குனிஞ்சான். ஒரு விரலை நீட்டித் தடவினான். விரலை விரலோட தேய்ச்சுப் பார்த்தான். மூக்குகிட்டக் கொண்டு போனான். அவனுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதே இல்ல.

"வாசலின்"னான். "மேலயே கழண்டிருக்கு."

"ஆமாடா."

"அப்ப நான் இடதுதான் தள்ளினேன்."

"இடதுதாண்டா தள்ளினே."

சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே இருந்தவன் மேஜையில தலையைக் கவிழ்த்துக்கிட்டான். தோள் குலுங்குச்சு. அவன் பொண்டாட்டி எழுந்து போய் அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா. நான் அவன் தலையைத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன், அம்மா போன அன்னைக்குத் தடவின மாதிரி. கொஞ்ச நேரம் கழிச்சு நிமிர்ந்து, பசிக்குதுன்னான். அவ தட்டுல போட்டு வச்சா. வாய் நிறைய அடைச்சுக்கிட்டே பேசினான். அந்தம்மாவுக்கு அடிபட்டது பட்டதுதான், ஆனா என் கை இல்லக்கா, என் கை இல்லன்னான். திங்கக்கிழமை பாரு, கூண்டுல போய் ஒரு தூக்குத் தூக்குறேன்னான்.

எப்படி ஆச்சுன்னு கேட்டான். குளிர், விளக்கு, உருகினது எல்லாம் சொன்னேன். இன்னைக்குத்தாண்டா சாக்கைத் திறந்து பார்த்தோம்னேன். பார்த்தேன்னு சொல்லல, பார்த்தோம்னு சொன்னேன்.

"ஐயோ, மாமா எப்படி இருக்கார்? உடைஞ்சு போயிருப்பாரே"ன்னு பதறினான். நீ உன் வாயை வச்சுக்கிட்டு ஏதாவது கத்தித் தொலைச்சியா, அவர் தாங்க மாட்டார்க்கான்னு என்னையே அதட்டினான். போனைக் கையில எடுத்தான், நானே அவர்கிட்டச் சொல்றேன், இதெல்லாம் ஒரு தப்பா மாமான்னு. அப்புறம் பேசிக்கலாம், முதல்ல சாப்பிடுடான்னேன்.

போனை வச்சுட்டுப் பலகையை மறுபடி எடுத்தான். வெளிச்சத்துல பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மெல்லுறது நின்னு போச்சு.

"அக்கா, அன்னைக்குத் துண்டையெல்லாம் பொறுக்கினது மாமாதான். இது முழுசா கிடந்திருக்கு. கையில எடுத்தா யாருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா?"

நான் தண்ணி குடிச்சேன். அவசரத்துல எங்கே கவனிச்சிருப்பார்னு ஏதோ மென்னு முழுங்கினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தான். நான் வளர்த்த பையன், என் மூஞ்சியை அவனுக்குப் படிக்கத் தெரியாதா?

"இன்னைக்குப் பார்த்தது நீ மட்டும்தானேக்கா?"

பொய் சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். வரல. ஆமான்னு தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் கோபப்பட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். தட்டைத் தூக்கி எறிஞ்சிருந்தாக் கூடப் பொறுக்கியிருப்பேன். அவன் தட்டை மெதுவா ஓரமாத் தள்ளி வச்சான்.

"பிளேன் எதிர வரும்போது இடம் வலம் மாறிப் போயிருக்கும்னு முதல்ல சொன்னது யாரு தெரியுமா? கிளப்காரங்க இல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவுல மாமாதான் சொன்னார். என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, குழம்பிட்டேடா, யாருக்கும் நடக்கிறதுதான்னார். எனக்கு அப்ப வரைக்கும் நான் சரியாத் தள்ளினேன்னுதான் தோணுச்சு. மாமா சொன்னதும்தான், ஓஹோ, அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். அவர் சொன்னா சரியா இருக்குமேன்னு."

எனக்கு இது தெரியாது. எங்க வீட்டுக்காரர் இதை என்கிட்டச் சொல்லல. மறைச்சார்னுதான் நினைச்சேன், பழியைத் தூக்கி இவன் தலையில வச்சதும் அவரேன்னு எனக்குத் தெரியாது.

"திங்கக்கிழமை மேல ஏறிடுவியாடா?"ன்னு கேட்டேன். வேற என்ன கேட்கிறதுன்னு தெரியல.

ஏறிடுவேன்க்கான்னான். அதுல ஒண்ணும் சந்தேகம் இல்ல, அதைப் பத்திக் கவலைப்படாதேன்னான். என் கூட வாசல் வரைக்கும் வந்தான், நான் செருப்பு மாட்டுற வரைக்கும் நின்னான்.

"நீ எப்பவும் போல வாக்கா. அவரை மட்டும் கூட்டிட்டு வராதே. கீலு போனதுக்காகச் சொல்லல. அவர் மேல சாஞ்சு அழுதேன், என்னை அழ விட்டுட்டு உட்கார்ந்திருந்தாரு. அன்னைக்கு..."ன்னு இன்னும் ஒண்ணு சொன்னான். சொல்லிட்டு உள்ளே போயிட்டான்.

நான் வீட்டுக்கு வந்தப்போ இவர் படியிலேயே இருந்தார். கண்ணாடியை மாட்டிக்கிட்டு எழுந்து, என்ன சொன்னான்னு கேட்டார்.

"திங்கக்கிழமை கிரேன் ஏறுறானாம்."

"அப்பாடா"ன்னு சுவத்துல சாஞ்சார். கண்ணு கலங்கிடுச்சு. நல்ல பையன், அவன் மனசு யாருக்கும் வராது, நாளைக்குச் சாப்பிட வரச் சொல்லு, நானே வாயைத் திறந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்னார். நிஜமாவே சொல்லியிருப்பார்னுதான் நினைக்கிறேன். அவ்வளவு லேசாகிட்டார்.

வர மாட்டான்னேன். நீங்க இருக்கிற இடத்துக்கு இனிமே வர மாட்டானாம்னேன். நீங்க அன்னைக்கே பார்த்தது அவனுக்குத் தெரிஞ்சு போச்சு, வராந்தாவுல நீங்க சொன்னதையும் சொல்லிட்டான், உங்க மேல சாஞ்சு அவன் அழுதானாம், நீங்க அழ விட்டீங்களாம்னேன். மறுபடி உட்கார்ந்துட்டார். தெருவுல யாரோ சைக்கிள்ல போனாங்க, இவருக்கு வணக்கம் சொன்னாங்க, இவர் பார்க்கல.

தலையைத் தூக்காமலே, "நானும்தானே அழுதேன் அன்னைக்கு"ன்னார்.

"தெரியும், சொன்னான்"னேன். "தனக்காகத்தான் அழுறீங்கன்னு நினைச்சு, உங்க கண்ணை அவன்தான் துடைச்சு விட்டானாம்."